கடைசியாக வந்தவன்

"ஒரு வருஷமாவது கடலுக்குப் போலாம்னா கேக்கறியா?" கூடாரத்து வாசலில் சொலேன் பொருமினாள். "சைக்கிள் பந்தயம், மலை, வெயில்! இதுக்குப் பேரு லீவா?"

"இந்தத் தடவை அவன் முன்னாடி வருவான் பாரு," என்றார் கணவர் கயெல்.

"போன தடவையும் இதையேதான் சொன்ன. கடைசியா வந்தான்."

மதியம் பந்தயம் மலையேறி வந்தது. முதலில் வந்தவர்கள் போனார்கள். பெருங்கூட்டமும் போனது. வெகுநேரம் கழித்து, கயெல் எதிர்பார்த்தவன் தள்ளாடித் தள்ளாடி வந்தான். பந்தயத்தைக் கைவிடுபவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் அவன் பின்னாலேயே ஊர்ந்தது.

"இந்த ஆளுக்காகவா கூடாரம் போட்டீங்க?" பக்கத்துக் கூடாரக்காரர் சிரித்தார். கயெலின் முகம் தொங்கிப்போனது.

அவர்களுக்கு எதிரே வந்ததும் அவன் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டான்.

"முடியலப்பா. வேன்லயே ஏறிக்கறேன்."

சொலேன்தான் ஓடிப்போய் மகனை மறுபடி சைக்கிளில் உட்காரவைத்தாள்.

"உன்னைப் பெத்தவ மூணு நாளா குளிக்காம இங்க கிடந்தது, நீ வேன்ல போறதப் பாக்கவா? மிதிடா!"

அவன் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே அவளும் மேட்டில் ஓடினாள்.