பொத்தையடியில் கிடைத்த கல்

தில்லைநாயகம் துண்டில் சுற்றிவந்த கல்லை மேசைமேல் வைத்தார்.

"இதுல நிக்கல் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர். குத்தாலத்துல ஒரு கடைக்காரருதான் ஒங்க பேரச் சொன்னாரு."

லோகநாயகி தென்காசியில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறாள்.

சாரல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டாள். கல் வெண்கல மஞ்சளில் மின்னியது.

கல்லருகே காந்தத்தைக் கொண்டுபோனாள். பழுப்பேறிய இடங்களில் ஒட்டியது. வெளிர்மஞ்சள் பொட்டுகளில் ஒட்டவில்லை. அங்கே ஊசியால் கீறினாள்; எளிதாகக் கோடு விழுந்தது.

"இருக்கு அண்ணாச்சி. பென்ட்லாண்டைட்னு பேரு. இரும்பு, நிக்கல், கந்தகம் மூணும் சேர்ந்தது."

அவர் முகம் மலர்ந்தது.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அச்சன்புதூர் வயலைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பொத்தைக் குன்றின் அடிவாரத்தை எழுதி வாங்கியிருந்தார். கல் அங்கே கிடைத்ததாம்.

எந்தப் பொத்தை என்று கேட்டாள். சொன்னார்.

ஆண்டுதோறும் மாணவர்களை அவள் கூட்டிப்போகும் பொத்தை. இந்தத் தாது இருக்கவேண்டுமென்றால் கறுத்துக் கனத்த பாறை வேண்டும். அங்கே அது ஒரு கைப்பிடிகூடக் கிடையாது.

கல்லைத் திருப்பினாள். அடிப்பக்கம் மெஷினில் அறுத்து வழவழவென்றிருந்தது.

அறுத்தவள் அவள்தான். ஆராய்ச்சிக் காலத்தில் ஜார்க்கண்ட் செம்புச் சுரங்கமொன்றிலிருந்து கொண்டுவந்த கல். போன வாரம் வீட்டு அலமாரியில் காணாமல் தேடியபோது, 'ஒன் கல்ல எவன் திருடப்போறான்' என்று ஒரு சிரிப்புதான் பதிலாக வந்தது.

"ஒங்கள ஏமாத்திட்டாங்க அண்ணாச்சி. இது அங்கன கெடச்சதில்ல. என் கல்லு."

அவர் பையிலிருந்து பரிவர்த்தனைப் பத்திரத்தின் நகலை எடுத்து நீட்டினார்.

"வீட்டுல இன்னும் சொல்லல டீச்சர். நாளைக்கு நடவுன்னு அவ நாத்துப் பறிச்சு வச்சிருக்கா."

லோகநாயகி பத்திரத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தை மறுபடியும் படித்தாள். எழுத்துகள் கலங்கின.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெள்ளைத்தாளில் காவல் ஆய்வாளருக்கு எழுதத் தொடங்கினாள். கல் என்னுடையது. என் வீட்டிலிருந்து எடுத்துப்போனது. எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வேன்.

"எடுத்தது யாருன்னு தெரியுமா டீச்சர்?"

பத்திரத்தில் அடிவாரத்தை எழுதிக்கொடுத்தவராக இருந்த பெயரை அப்படியே எழுதினாள். விஜயசங்கர்.

பேனா சற்று நின்றது. பிறகு பெயருக்குப் பக்கத்தில் சேர்த்தாள்: என் கணவர்.