இரண்டு தட்டு

"ஒரே ஒரு வார்த்தை போதும். 'நான்தான் தட்டினேன்'னு சொல்லிடு. ஒன்பது வருஷத்தையும் இந்த மண்ணுலயே போட்டு மூடிடறேன்."

பாதி எழும்பியிருந்த காலரியின் மூன்றாவது படியில் நின்றபடி அண்ணன் சொன்னார். கீழே மைதானத்தில் தம்பி தலை குனிந்து நின்றான். நாளை மறுநாள் இங்கே இறுதி ஆட்டம். அதற்குள் ஆயிரம் பேர் உட்கார இடம் கட்டியாக வேண்டும்.

அண்ணனுக்கு வேலையிடத்தில் ரசமட்டம் என்று பெயர். படி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டச் சொல்வார். மனுஷரும் அப்படித்தான். இதுதான் நியாயம் என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் இம்மி நகரமாட்டார்.

"என் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குண்ணே," என்றான் தம்பி. "பெரியப்பா வராம எனக்குக் கல்யாணமே வேண்டாங்கறா."

"வர்றேன். முன்னால நின்னு நடத்தியும் தர்றேன். நீ உண்மையைச் சொல்லு."

அது என்ன தட்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். காலரி கட்டும்போது ஒருவர் மேலே நின்று பலகையை இரும்புச் சட்டத்தில் உட்கார வைப்பார். இன்னொருவர் அடியில் நின்று நான்கு மூலையிலும் கிளிப் போட்டு முறுக்குவார். முடித்ததும் குழாயில் ஸ்பானரால் இரண்டு தட்டு. ஜெனரேட்டர் இரைச்சலில் பேச்சு கேட்காது, ஆனால் குழாய் வழியே வரும் தட்டு மேலே இருப்பவரின் காலுக்கே தெரியும். உடனே அவர் அடுத்த பலகைக்குப் போய்விடுவார். அடியில் இருப்பவரும் மேலே கால் எங்கே நிற்கிறதோ அந்தப் பலகையைத்தான் பூட்டுவார். குனிந்து பார்த்துச் சரிபார்க்கும் வழக்கமெல்லாம் கிடையாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, இப்படித் தட்டு வந்த ஒரு பலகையில் கிளிப்பே இல்லை. அன்று சாயங்காலம் ஆட்டம் பார்க்க வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்தது யாரோ எவரோ அல்ல, அண்ணனின் மனைவி. பலகை புரண்டது. அன்றைக்குப் போன இடது கால் போனதுதான். இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள்.

"நான் தட்டலைண்ணே," என்று தம்பி அன்று சொன்னான்.

"பின்னே பேயா வந்து தட்டுச்சு?" என்று அண்ணன் கேட்டார்.

தம்பி ஏதோ சொல்ல வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அண்ணியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். குற்றம் செய்தவனுக்குத்தான் வாய் அடைக்கும் என்று அண்ணன் தீர்ப்பெழுதிவிட்டார். 'பூட்டாம விட்டுட்டான்' என்று வீட்டில் ஒரே வரியில் சொன்னார். அதோடு அந்த வீட்டில் அவன் பேச்சு நின்றுபோனது.

இப்போது தம்பி காலால் மண்ணைக் கிளறினான். பிறகு நிமிர்ந்தான்.

"ஆமாண்ணே. நான்தான் தட்டினேன். கிளிப் போடாமத் தட்டிட்டேன். மன்னிச்சிடு."

அண்ணன் தடதடவென்று இறங்கி வந்தார். "இதைச் சொல்ல ஒன்பது வருஷமாடா உனக்கு?" என்று கேட்டார். தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "போ, ஸ்பானரை எடு. மேலே நான், கீழே நீ."

வீட்டுக்கும் போன் போட்டார். "உன் கொழுந்தன் வந்திருக்கான். எல்லாம் சரியாயிடுச்சு."

வேலை மளமளவென்று நடந்தது. ஆனால் ஒவ்வொரு தட்டு வரும்போதும் அண்ணனுக்குத் தம்பி மகளின் ஞாபகம் வந்தது. அவளைக் கடைசியாகப் பார்த்தபோது இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது கல்யாணம் என்கிறான். பாவிப்பயல், அன்றைக்கே ஒத்துக்கொண்டு தொலைத்திருக்கக் கூடாதா?

பத்தாவது பலகையை வைத்தார். உடனே இரண்டு தட்டு.

இவ்வளவு சீக்கிரமாகவா? அடுத்த பலகைக்கு எடுத்த காலை அண்ணன் பின்னுக்கு இழுத்தார். வேலைக்கு வந்த நாளாய்ச் செய்யாததை அன்று செய்தார். மண்டியிட்டு, இடுக்கு வழியே கீழே எட்டிப் பார்த்தார்.

தம்பி அங்கே இல்லை. கிளிப் தீர்ந்துபோய் லாரிக்குப் போயிருந்தான். பலகைக்கு அடியில் மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் ஃப்ளாஸ்க், இன்னொரு கையில் அதன் எவர்சில்வர் மூடி.

"டீ கொண்டாந்தேன்," என்று சிரித்தாள். "முன்பக்கம் வெயில் தாங்கலை. அதான் நிழலுக்கு அடியில வந்துட்டேன்."

"நீயா தட்டின?"

"பின்னே, நான் கத்தினா உங்களுக்குக் கேக்கவா போகுது? அன்னிக்கும் இதே மாதிரிதான். அடியில நின்னு தட்டறேன், நீங்க பாட்டுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துட்டீங்க. நல்லவேளை, தம்பி கிளிப் பையோட எதிர்ல வந்தாரு. டீயை அவர் கையில குடுத்துட்டுப் போனேன்."

"என்னிக்கு?"

"என் கால் உடைஞ்ச அன்னிக்குத்தாங்க. அதுக்கப்புறம் நான் எங்கே இங்கெல்லாம் வந்தேன்?" என்றபடி அவள் டீயை ஊற்ற ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பின்னால், கிளிப் பையைத் தோளில் சுமந்தபடி தம்பி வந்து நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது. அண்ணன் தவித்துப்போய் வாயைத் திறந்தார்.

தம்பி அண்ணியைக் கண்ணால் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்து, தன் உதட்டின் மேல் விரலை வைத்தான்.