பாறையை விட்டு நகராதவன்

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. இவன் ஒருவாய் சாப்பிடாம, புள்ளைங்களைக் காத்துக்கிட்டு அதே இடத்துல உட்கார்ந்திருக்கான். எனக்கு மட்டும் முகத்தைக் காட்ட மாட்டேங்கிறான்."

பல் தந்தியடிக்கத் திட்டிக்கொண்டே ஏப்ரல் மாதத்து நார்வேக் கடலிலிருந்து ஏறினார் ஆர்விட். முகமூடியில் மாட்டிய மூச்சுக்குழாய் ஒரு பக்கம் தொங்க, கால் துடுப்பைப் பிடுங்கிக் கல்லில் வீசினார்.

துண்டோடு கரையில் நின்ற மகள் லிவ்வுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா, அது மீனு. அதுவும் ஓடாத மீனு, வயித்தால பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைக்கூட உன்னால ஒரு படம் எடுக்க முடியலையா?"

ஆர்விட் கேமராவை நீட்டினார். இன்றைக்கும் அதே கதைதான். படம் முழுக்க வெள்ளைப் புகை, நடுவில் பரங்கிக்காய் மாதிரி ஏதோ ஒன்று.

மீன்மேல் தப்பில்லை. அந்தச் சிவப்பு உருண்டை மீனில் முட்டைக்குக் காவல் இருப்பது அப்பன்தான், பொரிகிறவரை நகராது. கேமராவைப் போட்டு மூடும் கண்ணாடிப் பெட்டிதான் சதி செய்தது. தண்ணீரில் இறங்கிய சற்று நேரத்தில் உள்பக்கம் ஆவி படிந்துவிடும். ரப்பர் வளையம் கசிகிறதென்று அதை மாற்றிப் பார்த்தார், பசை தடவிப் பார்த்தார். ம்ஹூம்.

வேறு வருஷமாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பார். ஆனால் குளிர்காலத்தில் லிவ் வந்து, "இந்தக் கடலோரத்துல ரெண்டு பேரும் தனியா எதுக்கு? வீட்டை வித்துட்டு பெர்கனுக்கு வந்துடுங்க, என் பக்கத்துலயே இருக்கலாம்" என்று கூப்பிட்டபோது, மறுபேச்சில்லாமல் தலையாட்டியவள் அவர் மனைவி டோர்டிஸ். முறுக்கிக்கொண்டது இவர்தான். முட்டைக்காவல் மீனை வசந்தத்தில் ஒரு நல்ல படம் எடுப்பேன், எடுத்த அன்றைக்கே வீட்டு விற்பனைக்குக் கையெழுத்து, படம் இல்லையென்றால் கையெழுத்தும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இப்போது முட்டைக்குள் குஞ்சுகளின் கண் கறுத்துவிட்டது. இன்றோ நாளையோ பொரிந்துவிடும், அப்பன் மீன் ஆழத்துக்குப் போய்விடும். அப்புறம் அடுத்த வசந்தம்தான்.

"நீ வேணும்னே கெடுக்குறே" என்றாள் லிவ். "வீடு வாங்குறவங்க அடுத்த வருஷம்வரைக்கும் காத்திருப்பாங்களா? அம்மாவைப் பாரு. பாத்திரத்தையெல்லாம் கட்டி வெச்சுட்டு ரெண்டே ரெண்டு தட்டுல குடும்பம் நடத்துறா."

அதுதான் ஆர்விட்டைச் சுட்டது. வேண்டுமென்றே கெடுக்கிறவன் தினமும் உதடு நீலமாகிறவரை ஐஸ் தண்ணீரில் மிதப்பானா? கிளம்பத் துடிக்கிறவளை உட்கார வைத்திருக்கிறோமே என்ற உறுத்தலில்தானே விழுந்து விழுந்து இறங்குகிறார்?

வீட்டுக்குள் நுழைந்ததும் டோர்டிஸ் காபியை நீட்டினாள். "என்ன, இன்னைக்கும் மேகத்தைத்தான் பிடிச்சியா? எங்க அக்கா கல்யாணத்துல பொண்ணையே தலையில்லாம எடுத்த ஆளுதானே நீ."

"சிரி, நல்லா சிரி. சாப்பாட்டுக்கு முன்னாடி இன்னொரு தடவை இறங்குறேன். படம் கிடைச்சா சாயங்காலமே கையெழுத்து. உன்னை இதுக்கு மேல காக்க வைக்க மாட்டேன்."

"கிடைச்சாத்தான்" என்றாள் டோர்டிஸ். "வாக்குன்னா வாக்கு. கேமராவை இப்படிக் கொடு."

அதைப் பெட்டிக்குள் போட்டு மூடித் தருவது எப்போதும் அவள் வேலை. ரப்பர் உடைக்குள் நுழைந்துவிட்டால் இவருக்கு விரல் மடங்காது. அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போகுமென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, அவள் அடுப்புப் பக்கம் போனாள்.

படகுக் கொட்டகையில் உடையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் ஆர்விட்டுக்குக் கையுறை ஞாபகம் வந்தது. சற்று முன் கணப்பு மேல் காயப் போட்டது. இன்னும் காயாத உடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தால் அதற்கு வேறு பேச்சு வாங்க வேண்டும். பின்கதவை மெல்லத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

டோர்டிஸ் பானையின் மூடியை எடுத்துவிட்டிருந்தாள். கேமராப் பெட்டியை விரியத் திறந்து, பொங்கி வரும் ஆவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மீனை வாட்டுவதுபோல இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

திரும்பியவள் அவரைப் பார்த்துவிட்டாள். பெட்டி அந்தரத்தில் நின்றது. காதுவரை சிவந்துபோனாள்.

"தினமுமா?" என்றார் ஆர்விட்.

"பொண்ணு ஆசையாக் கூப்பிடுறா" என்றாள் மெதுவாக. "போக மாட்டேன்னு அவ மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நீ முடியாதுன்னு சொல்லுவேன்னு நம்பினேன். நீ என்னடான்னா படம் எடுத்தே தீருவேன்னு நிக்கிறே."

ஆர்விட் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். மேசைமேல் கவிழ்ந்திருந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தார்.

"அப்பா, வரியா இல்லையா? மேகம் மூடுது, வெளிச்சம் போயிடும்" என்று கரையிலிருந்து லிவ் கத்தினாள்.

"இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, அவர் உள்ளே வந்து பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"ஆவியில இன்னும் கொஞ்ச நேரம் காட்டு."