சாமிக்கு ஆகாத குளியல்

குழந்தைசாமி மலையேறி வீடு வந்து சேரும் முன்பே அந்தப் பேச்சு கொல்லிமலையில் அவர் ஊரான குண்டனி நாட்டுக்கு வந்துவிட்டது.

ஜப்பானில் வைத்து, சொந்த முதலாளியோடு ஒரே தண்ணீரில் குளிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஊருக்கு நம்பவே முடியவில்லை. முதலாளி சேக் மைதீன் ராவுத்தர், அடிவாரத்தில் சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி. மலையில் அவருக்கு மிளகு வாங்கிச் சேர்த்துக் கொடுப்பவர் குழந்தைசாமி. ராவுத்தர் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அது யுத்தத்துக்கு முந்தின காலம். கொல்லிமலை மிளகை ஜப்பானுக்கு அனுப்பலாம் என்று ராவுத்தர் கிளம்பியபோது, மிளகைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டுமென்று குழந்தைசாமியையும் கூட்டிப் போனார்.

மலையிலிருந்து கப்பலேறிய முதல் ஆள். அவர் மனைவி சென்னம்மாள் சந்தையில் தலை நிமிர்ந்துதான் நடந்தாள்.

இப்போது அவள் காதுபடவே பேசினார்கள். சோறு போட்டவரையே தீட்டு என்று ஒதுக்கினவன் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவரைச் சென்னம்மாள் கேட்டுப் பார்த்தாள். குழந்தைசாமி கப்பலைப் பற்றிச் சொன்னார். விறகே இல்லாமல் பூமிக்குள்ளிருந்து கொதித்து வரும் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். குளியலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மறுவாரம் ராவுத்தரே மலையேறி வந்துவிட்டார். உறவை முறித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று வாசலில் கூட்டம் சேர்ந்தது.

ராவுத்தர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். சென்னம்மாள் கொடுத்த மோரைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு, நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னார்.

மிளகு வாங்க முன்வந்த ஜப்பான் வியாபாரி பெரிய மனிதர். இவர்களை மலைகளுக்கு நடுவே ஏரிக்கரையில் இருந்த வெந்நீர் விடுதி ஒன்றுக்கு அழைத்துப் போய்த் தங்க வைத்தார். பாய் விரித்த அறை. ஜன்னலைத் திறந்தால் ஏரி. உடுத்திக்கொள்ளப் பருத்தி அங்கி. உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் குளிக்கக் கூப்பிட்டார்கள். கல் தொட்டியில் ஆவி பறந்தது. உடுப்பையெல்லாம் களைந்து வைத்து, உடம்பைக் கழுவிக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக இறங்குவது அந்த ஊர் வழக்கம். ஒரே தண்ணீரில் இறங்கியவர்களோடுதான் தான் விலை பேசுவது என்று அந்த வியாபாரி சொன்னார். கோபே நகரத்துக் கடை ஒன்றில் வேலை பார்த்த ராவுத்தரின் மருமகன் பக்ருதீன் அதைத் தமிழில் சொன்னார்.

உடனே குழந்தைசாமி கதவை மறித்து உட்கார்ந்துகொண்டார்.

“ஒருத்தரோட ஒருத்தர் ஒரே தண்ணியில எறங்கறது எங்க மலைச்சாமிக்கு ஆகாதுங்க. நானானாலும் சரி, முதலாளியானாலும் சரி, தனித்தனியாத்தான் குளிக்கோணும். இல்லாட்டி இந்த மிளகு ஆருக்கும் வெளங்காதுங்க.”

பக்ருதீன் எவ்வளவோ அதட்டியும் அவர் நகரவில்லை. வேறு வழியின்றி அப்படியே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. விருந்தாளியின் சாமிக்கு ஆகாதென்றால் வேண்டாம் என்று வியாபாரி மற்றவர்களை நிறுத்தி வைத்தார். ராவுத்தர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளித்தார்.

மிளகும் விலை போனது. ஆனால் அன்றைய சாப்பாட்டின்போது, குளிக்க விடாத அந்த மலைச்சாமியைச் சொல்லிச் சொல்லி விடுதியே சிரித்தது. குழந்தைசாமியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சொல்லி முடித்த ராவுத்தர் குழந்தைசாமி பக்கம் திரும்பினார்.

“பந்தியில என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவன் நீ. நான் எறங்கின தண்ணி உனக்கு ஆகலையா? கப்பல் முழுக்க இதே நெனப்புத்தான் எனக்கு. உன் வாயால கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

 சென்னம்மாள்தான் முன்னால் வந்தாள்.

“ஏனுங்க, எங்க மலையில அப்படி ஒரு வழக்கமே இல்லீங்களே. அருவியில ஊரே ஒண்ணாத்தான் குளிக்குது. எங்க சாமி ஆரையும் தண்ணிய விட்டு வெலக்குனதில்லீங்க.”

கூட்டம் ஆமாம் என்றது. ராவுத்தருக்குக் குழப்பமாகிவிட்டது.

“அப்போ எதுக்கு அப்படிச் சொன்னே?”

குழந்தைசாமி கட்டிலருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மலைக்கு வாரப்பல்லாம் நம்ம ஓடையில குளிப்பீங்களே, பாத்திருக்கறனுங்க. சுத்துமுத்தும் ஆளே இல்லாட்டியும் இடுப்புத் துணிய நீங்க அவுத்ததில்லை. உங்க மார்க்கத்துக்கு அது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

 அன்று அந்தக் கதவருகே, முடியாது என்று சொல்லவும் நா எழாமல், உள்ளே போகவும் கால் வராமல் தவித்ததை ராவுத்தர் தன் மருமகனிடம்கூடச் சொன்னதில்லை. குழந்தைசாமியின் முரட்டுப் பிடிவாதத்தால் ஏதோ தற்செயலாகத் தப்பித்தோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

எழுந்து குழந்தைசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் குரல் இப்போது வாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“அதை நானே சொல்லியிருக்கணுமேப்பா. எனக்காக உன் சாமிய அத்தனை பேர் சிரிக்கும்படி பண்ணிட்டியே.”

“உங்க சாமியச் சொல்லிச் சிரிச்சிருந்தா நீங்க தாங்கமாட்டீங்க முதலாளி” என்றார் குழந்தைசாமி. “எங்க சாமி தாங்கிக்குமுங்க.”