பின்பக்கத்து வரைபடம்

மூன்றாவது தடவையாக, அதே பாலைவன ஏற்றத்தில், படுத்துறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வீட்டுவண்டி கொதித்து நின்றது.

வெர்லின் இறங்கிப் பின்பக்கம் போனார். அங்கே இருந்த எஞ்சினை எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியாது.

வீட்டுவண்டிக்காரர்கள் தங்கும் முகாமில் யார் வண்டி சூடேறினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போவார். ஊருக்குத்தான் உபதேசம். சொந்த வண்டிக்கு பம்பு, தெர்மோஸ்டாட், விசிறி எல்லாம் மாற்றியும் பலனில்லை.

ஏற்றத்துக்கு அந்தப்பக்கம், நெவாடாவில் மகன் கர்ட்டிஸ் இருந்தான். அம்மாவோடு மட்டும் பேசுவான். அவன் புதுவீடு புகுந்த அன்று, விருந்தாளிகள் முன்னால் கூரை முதல் குழாய் வரை குற்றம் சொன்ன மகானுபாவர் வெர்லின். இனி என் வாசலுக்கு வராதீங்க என்று சொல்லிவிட்டான்.

இப்போது மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார். போய்ச் சேர்ந்தால்தானே?

மனைவி லொரெய்ன் போனில் வண்டியின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். தள்ளிப்போய் யாரிடமோ பேசினாள். இழுவை வண்டிக்காரனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தவள் சமையல் கத்தியால், வண்டியின் பின்னால் மாட்டியிருந்த அமெரிக்க வரைபடப் பலகையை நெம்ப ஆரம்பித்தாள். அந்த வண்டியில் படுத்துறங்கிய மாநிலங்களின் ஸ்டிக்கர்களை மட்டுமே அதில் ஒட்டலாம் என்பது முகாம்காரர்களின் சட்டம். எல்லோரும் கதவில் மாட்டுவார்கள். நாலு பேர் பார்க்கட்டும் என்று இவர் பின்னால் மாட்டியிருந்தார், ரேடியேட்டரின் சூடான காற்று வெளியேறும் கம்பித் தட்டியின் மேலேயே.

"காத்து வெளிய போக வேண்டாமா?" என்றாள்.

எஞ்சின் ஆறியதும் கிளம்பினார்கள். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் நகரவில்லை. எல்லாம் தான் போட்ட விசிறியின் மகிமை என்று வெர்லின் கொஞ்ச நேரம் பேசினார். உச்சி நெருங்கியதும் குரல் இறங்கியது.

"பயமா இருக்கு லொரெய்ன். தப்பு என்னோடதுதான்னு சொல்லப் போய், அங்கயும் ஏதாவது குறை சொல்லிடுவேனோ என்னவோ."

லொரெய்ன் மடியிலிருந்த போனை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். படத்தைப் பார்த்துப் பலகையைக் கழற்றச் சொன்னதே கர்ட்டிஸ்தானாம். போனை அவன் இன்னும் வைக்கவில்லையாம்.

"இறக்கம் வருதுப்பா," என்றது போன். "பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க. கியரைக் குறைச்சு, மெதுவா வாங்க."

மலையிறக்கத்தில் வண்டி ஓட்டுவது எப்படி என்று முகாமில் எல்லோருக்கும் வெர்லின் மணிக்கணக்கில் பாடம் எடுப்பார்.

"சரிப்பா," என்று சொல்லி கியரைக் குறைத்தார்.