ஆமையை ஏன் கோலில் நிறுத்தினான்?

கால்பந்துப் போட்டியில் ஏழு கோல் வாங்கித் தோற்றதும், காட்டு அணியின் பயிற்சியாளரான குதிரையை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள். மறுநாள் காலை குளக்கரையில் முயலும் வெள்ளாடும் அதையே பேசிக்கொண்டிருந்தன.

“ஆமையைப் போய் கோல்கீப்பரா போடுவானா? பந்து உள்ளே போனப்புறம்தான் அது தலையையே வெளியே நீட்டுது!” என்றது முயல்.

“துள்ளிப் பிடிக்க நம்ம காட்டுல ஆளா இல்லை?” என்றது ஆடு.

முதுகில் மூட்டையோடு காட்டைவிட்டுக் கிளம்பியிருந்த குதிரை அங்கே நின்றது.

“முயலண்ணே, முதல்ல உங்களைத்தானே கூப்பிட்டேன்? கால் வலிக்குதுன்னுட்டீங்க. ஆமை மட்டும்தான் வரேன்னுச்சு.”

முயல் தலையைக் குனிந்துகொண்டது. குதிரை தன் வழியே நடந்தது. அது கண்ணுக்கு மறைந்ததும் முயல் ஆட்டின் பக்கம் திரும்பியது.

“கேட்டியா? கால் வலிக்கிறவனைப் போய்க் கூப்பிட்டிருக்கான். இவனுக்கு ஆள் எடுக்கவே தெரியலை!”