மாப்பிள்ளை பாலம் தாண்டிய கதை

தொங்கு பாலத்தின் கம்பியில் வெள்ளைத் துண்டைக் கட்டி, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டு நின்ற தில்பிரசாத்தைப் பார்த்தவர்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்திமானா என்று நினைத்திருப்பார்கள். முடிச்சு விழுந்துவிட்டால் நடக்க வேண்டுமே, அதுதான் அவனுடைய பக்தி.

"எத்தனை முடிச்சுடா போடுவே? பாலமே உன் முடிச்சுலதான் தொங்குது பாரு!" என்றாள் அக்கா கோமா.

"சாமி காரியம்க்கா. அவசரப்படக் கூடாது."

"போன மாசம் வயித்துவலி. இந்த மாசம் சாமியா?"

அவன் இன்னொரு முடிச்சைப் போட்டான். போன மாதம் பெண் கேட்க வந்தவன், இதே இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே தன் ஊரான சித்வனுக்குத் திரும்பிவிட்டான். சமவெளியில் வளர்ந்த உடம்பு. அரிசி மூட்டைமேல் ஏறினாலே அவனுக்குக் கிறுகிறுக்கும். தரைமட்டத்தில் எத்தனையோ பெண்கள் இருக்க, நர்ஸ் படிப்புக்காக மலையிலிருந்து இறங்கி வந்த மன்சராவின் மேல்தான் அவன் மனசு போய் விழுந்தது. விழுவதற்கும் உயரமான இடமாகப் பார்த்திருக்கிறது, பாவம்.

மன்சராவின் அப்பா ஜெயசிங் கோவேறு கழுதைக்காரர். காளிகண்டகி ஆற்றின் குறுக்கே தொங்குகிற இந்தப் பாலத்தில் சுமை கொண்டுபோய் கொண்டுவந்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். தில்பிரசாத்தின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. "பாலம் தாண்டி வந்து என் எதிர்ல நின்னு கேக்கட்டும். இந்தத் தடவையும் வரலேன்னா, பட்டாளத்துப் பையன் வீட்டுக்கு வாக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"நீயும் கூட வாயேன்க்கா" என்றான் தில்பிரசாத், சின்னக் குரலில்.

"நீ நடுங்குற நடுக்கத்துல நானும் ஏறினா பாலம் தாங்காது. நீ போய்ச் சேரு, பின்னாலயே வர்றேன். கண்ணை மூடிக்கோ, கம்பியை விடாதே. முதல்ல பாலம் எறங்கும், அப்புறம் ஏறும். ஏறுதுன்னா கரை வந்துடுச்சுன்னு வச்சுக்கோ."

முதுகுக் கூடையில் கேழ்வரகுச் சாராயக் குடுவையும் அரிசிமாவில் வளையமாகச் சுட்ட செல் ரொட்டியும் குலுங்க, அவன் காலை எடுத்து வைத்தான். கிரீச் என்று ஒரு சத்தம். பாலத்துடையதா, தன் பல்லுடையதா என்று அவனுக்கே தெரியவில்லை.

"மன்சரா... மன்சரா..." என்று ஜபம். கீழே ஆறு இரைந்தது. மேலே எறும்பு நடை. பாலம் இறங்கி இறங்கி ஒருவழியாகச் சமமானபோது, எதிரே மணிச்சத்தம் கேட்டது. கோவேறு கழுதைகள்! பாலத்தில் அவற்றுக்குத்தான் முதல் மரியாதை. மனிதன்தான் ஒதுங்கவேண்டும்.

"தம்பி, கம்பியோட ஒட்டிக்கோ! மூட்டை இடிக்கும்!" என்று யாரோ கத்தினார்.

சொல்ல வேண்டுமா? கல்யாணமான பிறகு மன்சராவைக்கூட அவன் அப்படிக் கட்டிக்கொள்ளப் போவதில்லை. ஒவ்வொரு மூட்டையாக முதுகில் இடிக்க இடிக்க, வளைந்தான், நெளிந்தான், ஒற்றைக்காலில்கூட நின்றான். கண்ணைத் திறக்கவில்லை. கம்பியை விடவுமில்லை.

மணிச்சத்தம் விலகிப்போனதும் மறுபடி நடந்தான். இதுவரை இடது காதில் ஊதிக்கொண்டிருந்த காற்று இப்போது வலது காதில் ஊதிற்று. மலைக்காற்றுக்கும் நம்மைப் போலவே நிலைபுத்தி இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

சற்றுப் போனதும் பாலம் ஏற ஆரம்பித்தது. ஏறுகிறது! அவன் நெஞ்சும் கூடவே நிமிர்ந்தது. இவ்வளவுதானா? இதற்கா வயிற்றுவலி என்று பொய் சொல்லி, கோமா அக்கா காய்ச்சிக் கொடுத்த கசப்புக் கஷாயத்தை வேறு குடித்துத் தொலைத்தோம்? கரையில் ஒரு பெண் குரல் உச்சத்தில் என்னவோ கூவியது. ஆற்று இரைச்சலில் வார்த்தை பிடிபடவில்லை. வரவேற்பு பலம்தான்.

காலுக்கடியில் கல்தரை தட்டியது. அங்கேயே பொத்தென்று குப்புற விழுந்தான். துழாவிய கைகளுக்கு இரண்டு ரப்பர் பூட்ஸ் அகப்பட்டன. குப்பென்று கழுதை வாடை. சந்தேகமே இல்லை, மாமனார்தான். கண்ணைத் திறந்தால் தலை சுற்றும் என்று மூடியபடியே பேசினான்.

"மாமா! நான்தான் தில்பிரசாத். போன மாசம் வந்தது வயித்துவலி இல்ல மாமா, பயம். இன்னைக்கும் பயம்தான். நடுப்பாலத்துல அழுதுட்டேன்னு வச்சுக்குங்களேன். பட்டாளத்துக்காரன் மாதிரி எனக்கு நெஞ்சை நிமித்தத் தெரியாது. ஆனா மன்சரா இருக்கற பக்கம் தவழ்ந்தாவது வந்துடுவேன். அவளை எனக்குக் குடுங்க மாமா."

பக்கத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். மன்சராவாகத்தான் இருக்கவேண்டும். தில்பிரசாத்துக்குக் காது சிவந்தது.

கனமான கை ஒன்று அவன் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

"நீ எங்க வரப்போறேன்னு நெனச்சு, நான் பாட்டுக்குச் சுமையேத்திக் கெளம்பிட்டேன். பயமில்லாதவன் பாலம் தாண்டறதுல என்ன பெருமை இருக்கு? பயத்தோட வந்து நிக்கறே பாரு, எனக்கு அது போதும். பொண்ணைத் தர்றேன்."

"மாமா!" தில்பிரசாத் அந்த பூட்ஸை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு விசும்பினான்.

ஜெயசிங் பூட்ஸிலிருந்து அவன் கைகளை விடுவித்தார். குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

"இப்பக் கண்ணைத் தொற மாப்ளே. நம்ம வீடு அந்தக் கரையில இருக்கு."